மேட்டில் இறங்கித் தள்ளுகிறவர்

1974 மார்ச் 4

இன்று நான் சொல்லாதது: கல்லூரியில் எனக்கு ஒரு வேலை காத்திருக்கிறது என்பது.

"எங்க போய்ட்டு வார?" என்று அத்தை, என் மாமியார், வாசலிலேயே கேட்டாள். மந்தைவெளிக்கு, அம்மாவைப் பார்க்க என்றேன். பொய்யில்லை. அங்கிருந்து மயிலாப்பூர் போய் பிரின்சிபால் அம்மாளையும் பார்த்தேன் என்பதை மட்டும் விழுங்கிவிட்டேன். ஜூனில் கல்லூரி திறக்கிறது. ஆங்கிலத்தில் ஓர் இடம் காலி. எம்.ஏ.யில் எனக்குப் பாடம் எடுத்த அம்மையார் என் பெயரைத்தான் சொல்லியிருக்கிறார். "ஏப்ரல் முடியறதுக்குள்ள உறுதியாச் சொல்லிடு. மாமியார் வீட்ல கலந்துக்கோ" என்றார் பிரின்சிபால். சுவர் முழுக்கப் புத்தகம் வைத்திருக்கிற பெண்மணி பேசுகிற பேச்சு! வகுப்பு எடுக்கப்போவது நானா, மாமியார் வீடா?

மத்தியானம் கடையிலிருந்து சாப்பிட வந்த இவரை மாடிப்படியில் நிறுத்திச் சொன்னேன். முகம் மலர்ந்தது. "நல்லதாப் போச்சு. அப்பாட்ட நான் சொல்லுதேன்" என்றார். அப்புறம் மாமா, இவருடைய அண்ணன் வைரவன், இவர் மூவரும் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். நான் பரிமாறினேன். சின்னாளப்பட்டிச் சேலையில் சாயம் நிற்பதில்லை என்று மாமா பேசினார். சேலத்துக்காரன் ஏமாற்றுகிறான் என்று வைரவன் பேசினார். இவர் ரசம் இரண்டாம் தடவை வாங்கிக்கொண்டார். அவ்வளவுதான் பேச்சு.

பெண் பார்க்க வந்த அன்று என் அப்பா, "வேலைக்குப் போகணும்னு ஆசைப்படுதா" என்று இழுத்தபோது, "போகட்டும், நல்லதுதானே" என்று சொன்னவர் இவர். மாமா அப்போது காப்பியின் மேல் ஆடையை விரலால் ஒதுக்கிக்கொண்டிருந்தார். அந்த ஒரு வாக்கியத்தை நம்பிக் கழுத்தை நீட்டினேன். தை மாதம் கல்யாணம், மாசியிலேயே வாக்கியம் ரசத்தில் கரைந்துவிட்டது.

நானே சொன்னால் என்ன? சொல்லலாம்தான். புது மருமகள் மாமனாருக்கு எதிரே நின்று வேலை என்று வாயைத் திறந்தால், வாத்தியார் வளர்த்த லட்சணம் என்று அப்பா தலை உருளும். வாக்குக் கொடுத்தவர் சொல்லட்டும்.

மார்ச் 6

சொல்லவில்லை.

இந்த வீட்டில் எல்லாமே துணி. உஸ்மான் ரோட்டில் கடை, பின் தெருவில் வீடு. நடுவில் சுவர் ஒன்று இருப்பதாகப் பேர். ஒருத்தர் செத்துப்போனார் என்று சேதி வந்தால், "கோடித் துணி நம்ம கடையிலதான எடுத்தாங்க?" என்பதுதான் முதல் கேள்வி. மூத்த மருமகள் சரோஜாதேவி அக்கா நேற்று என் கையிலிருந்த ரஷ்ய நாவலை வாங்கிப் புரட்டினாள். அட்டையில் இருந்த பெண்ணின் சால்வையைத் தடவிப் பார்த்து, "கம்பளி மாதிரி இருக்கு, நம்ம ஊருக்கு ஓடாது" என்று திருப்பிக் கொடுத்தாள்.

மார்ச் 9

சொன்னார். ஆனால் வேறு விஷயத்தை.

இவருக்குச் சைக்கிள் பைத்தியம். வீட்டில் அம்பாசடர் நிற்கும்போது சைக்கிளில்தான் கடைக்குப் போவார். ஞாயிற்றுக்கிழமை அடையாறு தாண்டி மகாபலிபுரம் வரை போய்விட்டு வருவார். மங்களூரிலிருந்து கார்வார் வரை கடலோரமாக, மேடும் பள்ளமுமான ரோட்டில் போகவேண்டும் என்பது பள்ளிக்கூடத்து நாளிலிருந்து ஆசையாம். என்னையும் கூட்டிக்கொண்டு போக வேண்டுமாம். நானும் கல்லூரிக்குச் சைக்கிளில் போனவள்தானே. இன்று காலை அதை மாமாவிடம் கேட்டுவிட்டார், நான் பார்க்க, தலையைச் சொறிந்துகொண்டே.

"கல்யாணமானவன் ஊட்டிக்குப் போவான். நீ என்னடே தபால்காரன் மாதிரி?" என்றார் மாமா.

"ஊட்டிக்கு எல்லாரும்தான் போறாங்கப்பா."

"பொண்டாட்டியுமா சைக்கிளு? ஊரு சிரிக்கும்."

"அந்த ஊர்ல நம்மள யாருக்குத் தெரியும்?"

மாமாவின் முகத்தில் சட்டென்று வெளிச்சம். "ஏன் தெரியாது? உடுப்பி, குந்தாப்பூர், பட்கல், எல்லாம் நம்மட்ட சரக்கு எடுக்கிற பார்ட்டிதான? ஏஜெண்ட அனுப்பினா தங்குறது திங்கிறது எல்லாம் நம்ம தலையில. பெட்ரோல் விக்கிற வெலைக்குக் காரும் போகாது. பங்குனியில கடையில ஈ ஓட்டுதோம். போறதுதான் போற, மாதிரித் துண்ட எடுத்துக்கிட்டுப் போ."

ஆக என் தேனிலவில் இரண்டு மூட்டை மாதிரித் துணி. சேலையில் ஒரு முழம், லுங்கியில் ஒரு முழம் என்று வெட்டி, நம்பர் ஒட்டி, புத்தகம் மாதிரித் தைத்தது. அதைத்தான் "மாதிரி" என்கிறார்கள். ஒன்று அவர் கேரியரில், ஒன்று என் கேரியரில்.

சைக்கிளுக்கு வாய் திறக்க முடிகிறது. எனக்குத் திறக்க முடியவில்லை.

மார்ச் 12

கேட்டேன். "ஊருக்குப் போய் சொல்லிருதேன்" என்றார். எந்த ஊருக்கு? "கார்வார்ல இருந்து டிரங்க் கால் போடுதேன். நேர்ல சொன்னா அப்பா கத்துவாரு. அம்மாவுக்குப் படபடப்பு வந்துரும்."

ஐந்நூறு மைல் தள்ளி நின்றால் வீரம் வருமாம். இதுவும் ஓர் ஆண்பிள்ளை.

மார்ச் 16

கேரியர் மாற்ற ராயப்பேட்டையில் மெஹபூப் அலி கடைக்குப் போனோம். இவருக்குச் சின்ன வயதிலிருந்து பழக்கமான சைக்கிள் கடை. என் லேடீஸ் வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துவைத்துப் பெடலைச் சுற்றிக்கொண்டே பேசினார்.

"இன்னா நைனா, மங்களூரு வரிக்கும் சைக்கிள் மிதிக்கப் போறியா?"

"மங்களூர் வரைக்கும் ரயில். அங்கிருந்து மேல."

"தங்கச்சியுமா? ஏம்மா, உனக்கு இஸ்டம் கீதா, இல்ல இட்டுக்கினு போறாரா?"

இஷ்டம்தான் என்றேன்.

"அப்ப செரி. இவரு மேட்ல எறங்கித் தள்ளுவாரு. பறங்கிமல ஏத்தத்துலயே எறங்கற ஆளு. நீ பாட்டுக்குப் போய்க்கினே இரும்மா, மேல போயி டீ ஆத்தி வையி!"

கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். தன்னைப் பற்றிச் சிரிக்கும்போது கூடச் சேர்ந்து சிரிக்கிற ஆள்களை எனக்குப் பிடிப்பதில்லை. அவர்களிடம் பறித்துக்கொள்ள ஒன்றுமே இருக்காது.

மார்ச் 21

ரயிலில். சைக்கிள்கள் லக்கேஜ் வேனில். மூட்டைகள் எங்கள் காலடியில். அத்தை கட்டிக்கொடுத்த எலுமிச்சம் சாதத்தைத் தவிர இதுவரை பேச விஷயம் இல்லை.

மார்ச் 23, உடுப்பி

இரண்டு நாளாக மிதிக்கிறோம். கைகளில் தோல் உரிந்துவிட்டது. ஆனால் எழுதாமல் இருக்க முடியாது.

இந்த ரோடு நேராகப் போகத் தெரியாத ரோடு. செம்மண் கல் குன்று ஒன்றின் மேல் ஏறும். உச்சியில் முந்திரி மரங்களுக்கு நடுவே கடல் தெரியும். சரேலென்று இறங்கி ஓர் ஆற்றில் கொண்டுபோய் விடும். பாலத்தைத் தாண்டினால் மறுபடி குன்று. மெரீனாவில் பார்ப்பது கடலே இல்லை. அது ஒரு மைதானத்தின் ஓரம். இங்கே மேலே நின்று பார்க்கும்போது கீழே அது தனியாகத் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. இறக்கத்தில் பிரேக்கைத் தொடாமல் விட்டேன். காதில் காற்று அடைத்துக்கொண்டது. வாய்விட்டுக் கத்தினேன். கல்யாணத்துக்குப் பிறகு என் குரலை நானே கேட்டது அப்போதுதான்.

இவர்? மேடு வந்ததும் இறங்கிவிடுகிறார். கொஞ்சம் மூச்சு வாங்கினால்கூடப் பரவாயில்லை. மூச்சு வாங்குவதற்கு முன்பே இறங்கிவிடுகிறார்! வேட்டி மடித்துக் கட்டிய மாட்டு வண்டிக்காரர் மாதிரி நிதானமாகத் தள்ளிக்கொண்டு வருகிறார். நான் உச்சியில் ஒரு கல்லில் உட்கார்ந்து காத்திருக்கிறேன். வந்து சேர்ந்ததும் சங்கிலிக்கு எண்ணெய் விடுகிறார்.

பள்ளிக்கூடத்திலிருந்து கண்ட கனவு இதுவா? தள்ளிக்கொண்டு போவதற்கா?

மார்ச் 25, குந்தாப்பூர்

பார்ட்டி வீட்டில் தங்கல். காமத் என்று பெயர். துணிக்கடை, நல்ல மனிதர், தேங்காய் எண்ணெய் வாசனை. சாப்பாடானதும் இவர் மாதிரியைப் பிரித்தார். நான் வாழ்க்கையில் பார்த்த மிக மோசமான வியாபாரம் அதுதான்.

காமத் ஒரு சிவப்பைத் தொட்டார். "இது எப்படி?"

"அது வேண்டாம் சார். மூணாவது சலவையில சாயம் போகும்."

"இது?"

"இது நிக்கும். ஆனா நூல் கொஞ்சம் மட்டம்."

காமத் என்னைப் பார்த்தார். நான் உத்தரத்தைப் பார்த்தேன். கடைசியில் லுங்கி மட்டும் கொஞ்சம் எழுதிக்கொண்டார், பரிதாபத்தில்தான். துணிக்கடைக்காரன் பிள்ளை, துணி விற்கத் தெரியவில்லை. சைக்கிள் பைத்தியம், சைக்கிள் மிதிக்கத் தெரியவில்லை. புருஷன் — வேண்டாம், நிறுத்துகிறேன்.

மார்ச் 27, பட்கல்

பைந்தூர் தாண்டிய ஏற்றத்தில் என் சேலை சங்கிலியில் மாட்டிக் கிழிந்தது. முழங்கை சிராய்ப்பு. இவர் ஓடி வந்தார். காயத்தைப் பார்த்தார், சங்கிலியைப் பார்த்தார். பையைத் திறந்து தன் பேண்டு ஒன்றை எடுத்து நீட்டினார். "இதப் போட்டுக்கோ. சேலையோட இந்த மேடு முடியாது." முந்திரி மரத்துக்குப் பின்னால் போர்வையைத் திரை பிடித்துக்கொண்டு, ரோட்டைப் பார்த்துத் திரும்பி நின்றார். லாரிக்காரன் ஒருவன் ஹார்ன் அடித்துவிட்டுப் போனான். இவர் அவனுக்குக் கை காட்டினார்!

பெல்ட்டில் புது ஓட்டை போட்டு இறுக்கிக் கட்டிக்கொண்டு மிதித்தேன். ஒரு மேட்டிலும் இறங்கவில்லை. ஊர் எல்லையில் மறுபடி சேலைக்கு மாறினேன்.

பட்கலில் ஷரஃபுதீன் வீடு. எங்களிடம் பழைய பார்ட்டி. முப்பது வயது வரை மெட்ராஸில் அவர் அப்பாவின் கடையில் இருந்தவராம். வாயைத் திறந்ததும் ராயப்பேட்டை வந்து நின்றது.

"இன்னாமா, சைக்கிள்லயா வந்தீங்கோ? சுயம்புலிங்கம் அண்ணாச்சி கார வித்துட்டாரா இன்னா?" என்று மாமாவைப் பற்றி விசாரித்தார்.

மீன் குழம்பும் அரிசி ரொட்டியும் வைத்தார்கள். சாப்பிட்டதும் ஆண்கள் முன் அறையில் மாதிரியைப் பிரித்தார்கள். நான் உள்ளே அனுப்பப்பட்டேன். உள்ளே ஒரு கூடம் நிறையப் பெண்கள். இந்த வீட்டுப் பெண்கள், பக்கத்து வீட்டுப் பெண்கள், ஒரு கல்யாணத்துக்காக வந்திருந்தவர்கள். வெளி ஆண்கள் முன்னால் வரமாட்டார்கள். ஷரஃபுதீனின் தங்கை ஒருத்திக்கு மட்டும் தமிழ் வரும். பிறந்தது மெட்ராஸில். என் சேலையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது உங்க கடையா? இந்த மாதிரி எங்களுக்கு வர்றதே இல்ல. வருசா வருசம் கெயவிங்க கட்ற கலரா அனுப்பறீங்கோ" என்றாள்.

நாங்கள் அனுப்புவதில்லை, உங்கள் அண்ணன்தான் தேர்ந்தெடுக்கிறார் என்றேன்.

அவள் அதை அவர்கள் பாஷையில் சொன்னாள். கூடமே சிரித்தது. ஒரு கிழவி சிரித்துச் சிரித்து இருமினாள். "எங்க அண்ணனுக்குக் கலரு தெரியாது. பச்சையையும் நீலத்தையும் ஒண்ணும்பாரு. கேக்க முடியுமா? சரக்க எடுத்துக்கினு உங்க ஏஜெண்டு வர்றாரு, முன் ரூம்லயே உக்காந்து போயிடறாரு."

எழுந்து போய் என் கேரியர் மூட்டையைக் கொண்டுவந்தேன். ஏன் செய்தேன்? எங்கள் வீட்டு ஆண்களை மட்டம் தட்டத்தான். மாமாவின் மாதிரி, மாமாவின் பார்ட்டி, இத்தனை வருஷமாகத் துணி கட்டுகிறவளைக் கேட்காமலே துணி விற்றுக்கொண்டிருக்கிறார்கள், மடையர்கள். நான் விரித்தேன். இருட்டும்வரை விரித்தேன். கருநீலத்தில் மஞ்சள் கரை ஒன்று, அதற்காக இரண்டு பெண்கள் சண்டை போட்டார்கள். நான் நம்பர்களைச் சொல்லச் சொல்ல, தங்கை கதவுக்குப் பின்னால் நின்று அண்ணனிடம் ஒப்பித்தாள். "இன்னாயா, உம் பொஞ்சாதி என் கடையையே காலி பண்ட்டா" என்று ஷரஃபுதீன் கத்துவது கூடம்வரை கேட்டது.

இவ்வளவு பெரிய ஆர்டர் இந்தக் கரையோரத்தில் யாருமே எடுத்ததில்லையாம். இவர் என்னைப் பார்த்த பார்வையில் பெருமை. பெருமைப்பட இவருக்கு என்ன இருக்கிறது இதில்?

எனக்கும்தான் என்ன இருக்கிறது? எம்.ஏ. படித்து, கன்னிமாரா நூலகத்தில் பாதியைக் கரைத்துக் குடித்து, கடைசியில் சேலை விரிக்க வருகிறது. நன்றாகவே வருகிறது.

மார்ச் 30, குமட்டா

இன்று கேட்டுவிட்டேன். ஹொன்னாவரம் தாண்டி ஒரு பெரிய ஏற்றம். நான் மேலே உட்கார்ந்து காத்திருந்தேன், வெகு நேரம். வந்தார், வியர்வைகூட அதிகம் இல்லை.

"ஒரு மேடாவது மிதிச்சு ஏறக் கூடாதா? அவமானமா இல்லையா உங்களுக்கு?"

"இதுல என்ன அவமானம்? மிதிச்சா மத்தியானத்துக்குள்ள கால் செத்துரும். தள்ளினா சாயங்காலம் ஊர் போய்ச் சேரலாம்."

"எல்லாத்துக்கும் இதே நியாயந்தானா? அப்பாட்ட பேசறதுக்கும்?"

சங்கிலிக்கு எண்ணெய் விட்டார். அப்புறம், "சொல்லுதேன்னு சொன்னேன்லா" என்றார்.

"எப்ப? நான் கெழவியான அப்புறமா? காலேஜ்ல எனக்குப் பின்னால ரெண்டு பேர் நிக்கிறாங்க தெரியுமா? பயமா இருந்தா பயமா இருக்குன்னு சொல்லித் தொலைங்க, நான் வேற வழி பாத்துக்கிறேன்!"

"பயமாத்தான் இருக்கு" என்றார்.

சைக்கிளை எடுத்துக்கொண்டு இறக்கத்தில் போய்விட்டேன்.

ஏப்ரல் 1, கார்வார்

நாளும் பொருத்தமாகத்தான் அமைந்தது.

நேற்று மாலை வந்து சேர்ந்தோம். கடைசி ஏற்றத்தின் மேலிருந்து வளைந்த கரையும் தீவுகளும் தெரிந்தன. அழகுதான், எழுத மனமில்லை. இன்று தபாலாபீசில் டிரங்க் காலுக்குப் பதிவு செய்துவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தோம். வெகு நேரம் கழித்துக் கூப்பிட்டார்கள். நான் பக்கத்திலேயே நின்றேன்.

"அப்பா, நாந்தான் கணேசமூர்த்தி... கேக்குதா?... ஆமா, பட்கல்ல... ஆமாப்பா, சீதாதான்... உள்ள போயி, பொம்பளைங்கள்ட்ட காட்டி... ஆமா... ஆமா... சரிப்பா. சரி, வச்சிருதேன்."

வைத்துவிட்டார். என்னிடம் திரும்பி, "லைன் கட்டாயிட்டு" என்றார்.

"வச்சிருதேன்" என்று சொன்னது என் காதில் விழுந்தது என்பதாவது இவருக்குத் தெரியுமா? காமத்திடம் சாயம் போகும் என்று உண்மை பேசிய வாய். பொய் சொல்லத் தெரியாத மனிதர் என்ற ஒரே ஒரு மரியாதை மிச்சம் இருந்தது. அதுவும் போயிற்று.

கோழை. கோழை. கோழை.

ஏப்ரல் 6, தி.நகர்

வீடு. கால்கள் கறுத்துவிட்டன என்று அத்தை மஞ்சள் அரைத்துக்கொண்டிருக்கிறாள்.

மாமா வாசல் வரை வந்து வரவேற்றார். மாமனார் மருமகளை வாசலுக்கு வந்து வரவேற்றது இந்த வீட்டில் முதல் தடவை என்று சரோஜாக்கா காதில் சொன்னாள், சந்தோஷமாக அல்ல. "ஏலே வைரவா, இத்தன வருசமா ஏஜெண்டுக்குச் சம்பளம் குடுத்தியே, பாத்தியா நம்ம வீட்டுப் பிள்ளைய? படிச்ச பிள்ள, படிச்ச பிள்ளதான்."

பிறகு வந்தது. கடையின் மாடியில் பெண்களுக்கென்று தனிப் பகுதி. பெண்களே காட்ட, பெண்களே பார்க்க. ஆண்களுக்கு அங்கே வேலை இல்லை. அதற்கு நான் தலைமை. இரண்டு பெண்களை வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். புத்தகம்கூட வைத்துக்கொள்ளலாமாம், கூட்டம் இல்லாத நேரத்தில் படிக்க. மாமாவின் தாராளம்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் இவரைப் பார்த்தேன். இவர் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

வேலைக்குப் போகக் கூடாது என்று மறுப்பார்கள் என்றுதான் இத்தனை நாள் பயந்தேன். இதை யார் நினைத்தது? மறுத்தால் எதிர்த்துப் பேசலாம். இப்படித் தலையில் தூக்கிவைத்துக்கொண்டால் எந்தப் பக்கம் குதிப்பது?

ஏப்ரல் 11

தச்சர் வந்து மாடியை அளந்துவிட்டுப் போனார். பிரின்சிபால் அம்மாள் என் அப்பா மூலம் கேட்டனுப்பியிருக்கிறார். நாளைக்கு நானே மாமாவிடம் சொல்லிவிடுவேன். யார் தலை உருண்டாலும் சரி.

ஏப்ரல் 12

சொல்லவில்லை. மாமா எனக்கென்று ஒரு சுழல் நாற்காலி வாங்கி வந்து, அதில் தானே உட்கார்ந்து சுற்றிக் காட்டினார். சின்னப் பிள்ளை மாதிரி. வாய் வரவில்லை. இவரைக் கோழை என்று எழுதின கைக்கு இப்போது என்ன வந்தது?

ஏப்ரல் 14, வருஷப் பிறப்பு

கடைக்கு அரை நாள் விடுமுறை. எல்லாரும் ஒன்றாக இலை போட்டு உட்கார்ந்தார்கள். நான் நெய் விட்டுக்கொண்டு வந்தேன்.

மாமா சொன்னார்: "வைகாசி முகூர்த்தத்துக்கு முன்னால மாடியத் தொறந்திரணும். மருமகளை வச்சே குத்துவிளக்கு ஏத்திருவோம்."

"அவ அங்க உக்காரமாட்டாப்பா" என்றார் இவர்.

"ஏன், எதுத்த கடைக்காரன் கூப்பிட்டானோ?" எல்லாரும் சிரித்தார்கள்.

இவர் சிரிக்கவில்லை. "காலேஜ்ல வேல கெடச்சிருக்கு. ஜூன்ல சேருதா."

"யாரக் கேட்டு?"

"பொண்ணு பாக்கப் போன அன்னைக்கே நான் சரின்னு சொன்னேன். நீங்களும் பக்கத்துலதான் இருந்தீங்க."

"நான் உசுரோட இருக்கேன்லடே?"

"இருக்கீங்கப்பா. அதான் உங்கள்ட்ட சொல்லுதேன்."

"நல்ல நாளும் அதுவுமா..." என்று அத்தை ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். வைரவன் அப்பளத்தை நொறுக்கினார். மாமா இலையை மடித்தார். பாயசம் இன்னும் வரவில்லை. எழுந்து போய்விட்டார். இவர் உட்கார்ந்தே இருந்தார். மாங்காய்ப் பச்சடியை வழித்துச் சாப்பிட்டார். நான் நெய்யைத் தரையில் விட்டுக்கொண்டிருந்தேன்.

சந்தோஷப்பட வேண்டும். எரிச்சல்தான் வந்தது. இதை மார்ச் மாதமே சொல்லியிருந்தால்? சாயங்காலம் மொட்டை மாடியில் துணி எடுக்கும்போது கேட்டேன்.

"அப்ப சொல்லியிருந்தா, சின்னப் பய பேச்சுன்னு தட்டிவிட்டிருப்பாரு. நீயும் சும்மா ஆசைப்படுதன்னு நெனச்சிருப்பாரு."

"இப்ப மட்டும்?"

"இப்ப ஒன்னோட அருமை தெரிஞ்சு போச்சு. அதனால கோவம் பெருசு. ஆனா ஒம் மேல இல்ல."

"அப்ப யார் மேல?"

இவர் கொடியிலிருந்து தன் பேண்டை உருவி மடித்தார்.

ஏப்ரல் 22

பிரின்சிபால் அம்மாளிடம் சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். மாமாவிடம் போய்ச் சொன்னேன். "நல்லாச் செய்யி தாயி" என்றார். அவ்வளவு சாதாரணமாக! என்னிடம் காப்பி கேட்கிறார், வெயிலைப் பற்றிப் பேசுகிறார். இவரிடம் மட்டும் பேச்சில்லை. எதிரே உட்கார்ந்திருக்கும் மகனிடம் சொல்ல வேண்டியதை, "அவங்கிட்டச் சொல்லு" என்று வைரவனிடம் சொல்கிறார். என்னை என்ன செய்ய முடியும், நான் வாத்தியார் பெண். மகன் என்றால் சொந்தச் சரக்கு, கிழித்தாலும் கேட்பார் இல்லை.

மாடிக்குப் போட்ட தச்சு வேலையை நிறுத்தவில்லை. சரோஜாக்கா உட்காரப்போகிறாள்.

மே 13

ரயில்காரர்கள் வேலைநிறுத்தம், எங்கும் எதுவும் போகவில்லை. வைரவன் மூலம் உத்தரவு வந்துவிட்டது: திருநெல்வேலிக் கடையை இனிமேல் கணேசமூர்த்திதான் பார்க்க வேண்டும். ஜூனில் போய்விட வேண்டும். திருநெல்வேலிக் கடை என்பது கடையல்ல, இங்கே விற்காததைக் கொண்டுபோய்ப் போடுகிற இடம் என்று சரோஜாக்காவே சொல்லியிருக்கிறாள்.

இவர் சரி என்று சொல்லிவிட்டார். வேறு என்ன சொல்வார்?

என்னையும் வரச் சொல்வார், வேலையை விடச் சொல்வார் என்று நினைத்தேன். அதற்கு ஒரு பதில் தயார் செய்து வைத்திருந்தேன், காரமான பதில், இரண்டு நாள் யோசித்துச் சீர்படுத்தியது. இன்று காலை இவர் சொன்னது: "நீ மந்தைவெளியில இருந்து போனா காலேஜ் கிட்ட. நான் உங்க அப்பாகிட்டக் கேட்டுட்டேன். சைக்கிள்லயே போயிரலாம்."

அந்தப் பதில் அப்படியே என்னிடம் இருக்கிறது. யாரிடம் சொல்வது?

ஜூன் 17

சேர்ந்தேன். முதல் வகுப்பு எடுத்தேன். கடைசி வரிசைப் பெண் ஒருத்தி ஒரு நல்ல கேள்வி கேட்டாள். ஆசிரியைகள் அறையில் நான் யார் வீட்டு மருமகள் என்று தெரிந்ததும் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். "உங்க கடையில டீச்சர்ஸுக்குத் தள்ளுபடி உண்டா? ஆடியில எப்ப ஆரம்பிக்கறீங்க?" தத்துவத்தில் டாக்டர் பட்டம் வாங்கினவர் கேட்கிறார். இவர்களை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறேன்?

ஜூன் 22

மந்தைவெளிக்கு வந்துவிட்டேன். புத்தகங்களை இவர்தான் இரண்டு நடையாகச் சைக்கிளில் கொண்டுவந்து வைத்தார். அம்மா காப்பி கொடுத்தாள். குடித்துவிட்டு, "திங்கக்கிழமை மத்தியானம் கிளம்புதேன்" என்றார். சரி என்றேன்.

ஜூன் 24, திங்கள்

இவர் இன்று திருநெல்வேலிக்குப் போய்விட்டார். சரக்கு லாரியில், டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து. மாமா கடையை விட்டு வெளியே வரவில்லையாம். மத்தியானம் எனக்கு இரண்டாம் ஆண்டு வகுப்பு இருந்தது. எடுத்தேன்.